நைட்ரஸ் அமைப்பின் பெட்ரோல் சோலினாய்டுக்கு இணைப்பை எங்கிருந்து எடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயங்கள் நடந்த காலத்தைப் பற்றி வடசென்னைப் பட்டறைகளில் இன்னும் பேச்சு வரும். இப்போது பந்தயத்துக்கு இருங்காட்டுக்கோட்டைக்குத்தான் போக வேண்டும். அங்கே ஓட்டுவதற்காக, இன்ஜினுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தந்து சக்தியைக் கூட்டும் நைட்ரஸ் (நைட்ரஸ் ஆக்சைடு வாயு) அமைப்பைத் தம் காரில் பொருத்த விரும்பும் வியாசர்பாடி, பெரம்பூர், தண்டையார்பேட்டை, மாதவரம் பகுதி நண்பர்களும், அந்த வேலையைச் செய்து தரும் மெக்கானிக்குகளும் கேட்கும் கேள்விகளில் பெரும்பகுதி ஒரே இடத்தைச் சுற்றியே வருகிறது: பெட்ரோலை எங்கிருந்து பிரித்து எடுப்பது? கீழே உள்ள பதில்கள் மூடிய ஓடுதளத்தில் மட்டும் ஓடும் வண்டிகளுக்கானவை. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது; பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவதை 189ஆம் பிரிவு குற்றமாக்குகிறது.

பெட்ரோல் சோலினாய்டுக்குத் தனி இணைப்பு எதற்காக?

'வெட்' வகை நைட்ரஸ் அமைப்பில் இரண்டு சோலினாய்டுகள் (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வுகள்) உண்டு. ஒன்று நைட்ரஸ் வாயுவைத் திறந்துவிடுகிறது. மற்றொன்று அதே நொடியில் கூடுதல் பெட்ரோலைத் திறந்துவிடுகிறது. பெட்ரோல் முழுமையாக எரிய எடையளவில் அதைப் போல 14.7 மடங்கு காற்று தேவை. ஆனால் நைட்ரஸ் சுமார் 9.6 மடங்கு இருந்தாலே போதும். அதாவது, உள்ளே போகும் ஒவ்வொரு கிராம் நைட்ரஸும் அதே எடையுள்ள காற்றைவிட அதிகமான பெட்ரோலைக் கேட்கிறது. அந்தப் பெட்ரோல் வராவிட்டால் கலவை மெலிந்து, நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) ஏற்பட்டு, பிஸ்டனின் தலை உருகிவிடும். நைட்ரஸ் பக்கத்தில் செய்யும் தவறு பெரும்பாலும் சக்தியைக் குறைக்கும். பெட்ரோல் பக்கத்தில் செய்யும் தவறு இன்ஜினையே காவு வாங்கிவிடும்.

'டிரை' வகை அமைப்பில் கூடுதல் பெட்ரோலை இன்ஜெக்டர்களே தருவதால் பெட்ரோல் சோலினாய்டு இல்லை. இந்தக் கேள்வியும் அங்கே எழாது.

இணைப்பிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

சோலினாய்டு திறந்திருக்கும்போது அந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மூடியிருக்கும்போது அழுத்தமானி (கேஜ்) காட்டும் எண்ணை வைத்து, பெட்ரோலின் அளவை முடிவுசெய்யும் சிறு துளையான ஜெட்டைத் தேர்ந்தெடுப்பது பரவலாக நடக்கிறது. அந்த எண் பம்பு வேலை செய்கிறது என்பதை மட்டுமே சொல்லும். அதற்கு மேல் எதையும் சொல்லாது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்கும்போது ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 230 கிராம் பெட்ரோல் செலவாகும் என்று கொண்டால், 80 குதிரைத்திறன் இன்ஜின் மணிக்கு ஏறத்தாழ 25 லிட்டர் என்ற வேகத்தில் பெட்ரோலைக் குடிக்கும். அதன்மேல் 50 குதிரைத்திறன் நைட்ரஸைச் சேர்த்தால், குறைந்தது இன்னொரு 15 லிட்டர் என்ற வேகத்தில் பெட்ரோல் வேண்டும். பாதுகாப்புக்காகக் கலவையைச் சற்றுச் செழிப்பாக வைப்பதுதான் வழக்கம் என்பதால் உண்மையில் இதைவிட அதிகமாகவே தேவைப்படும். அறுபது சதவீதத்துக்கு மேலான இந்தக் கூடுதல் சுமை, பழைய பம்பின் மீதும், பாதி அடைத்த ஃபில்டரின் மீதும், மெல்லிய குழாயின் மீதும் ஒரே நொடியில் விழுகிறது.

அப்போது அழுத்தம் 43.5 பி.எஸ்.ஐ.யிலிருந்து (அதாவது 3 பாரிலிருந்து) 36 பி.எஸ்.ஐ.க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு துளை வழியாகப் பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் நைட்ரஸுக்கான பெட்ரோல் சுமார் 9 சதவீதம் குறையும். பலரும் கவனிக்காதது இதற்கு அடுத்தபடியாக நடப்பது: அதே ஃபியூயல் ரெயிலில் (பெட்ரோலைப் பகிர்ந்து தரும் குழாயில்) இருக்கும் இன்ஜெக்டர்களுக்கும் அழுத்தம் அதே அளவு குறைந்துவிடுவதால் இன்ஜினின் வழக்கமான பெட்ரோலும் 9 சதவீதம் குறைகிறது. இன்ஜின் கணினி இதை அறியாமல் பழைய கணக்கிலேயே இன்ஜெக்டரைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். எனவே நல்ல இணைப்பிடம் என்பது சோலினாய்டுக்கு வேண்டியதைக் கொடுத்த பிறகும் கடைசி இன்ஜெக்டரைப் பட்டினி போடாத இடம்.

ஃபியூயல் ரெயிலில் உள்ள சோதனை வால்விலிருந்து எடுக்கலாமா?

பல கார்களின் ரெயிலில் டயர் வால்வைப் போன்ற ஒரு ஷ்ரேடர் வால்வு, கறுப்பு மூடியுடன் இருக்கும். அழுத்தம் பார்ப்பதற்காக வைக்கப்பட்டது அது. வெட்டு வேலையோ வெல்டிங்கோ இல்லாமல் அங்கே அடாப்டரைத் திருகிவிடலாம் என்பதால் முதல் விருப்பமாக அதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். 50 குதிரைத்திறன் அளவுக்கு அது பெரும்பாலும் தாராளமாகப் போதும்.

அடாப்டரைத் திருகுமுன் உள்ளே இருக்கும் வால்வு ஊசியைக் கழற்றிவிட வேண்டும். ஊசியை விட்டுவிட்டு அடாப்டரின் முனையால் அதை அழுத்தித் திறந்து வைத்தாலும் வேலை நடப்பதுபோலத்தான் தோன்றும். மூடிய நிலையில் கேஜும் முழு அழுத்தத்தைக் காட்டும். ஆனால் ஊசியைச் சுற்றியுள்ள மெல்லிய வளைய இடைவெளி வழியாகத்தான் பெட்ரோல் பாய வேண்டியிருப்பதால், சோலினாய்டு திறந்ததும் அதற்குப் போகும் கிளைக் குழாயில் மட்டும் அழுத்தம் சரியும். ஊசியைக் கழற்றிய பிறகு டார்ச் அடித்து வால்வின் அடியைப் பாருங்கள். சில ரெயில்களில் வால்வின் உடல் அகலமாக இருந்தாலும், அது ரெயிலுக்குள் திறக்கும் இடத்தில் ஊசி முனை அளவுக்குத்தான் துளை இருக்கும். அந்தத் துளை உங்கள் பெட்ரோல் ஜெட்டின் துளையைவிடப் பல மடங்கு பெரியதாக இல்லையென்றால், அங்கே ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயன் இல்லை. இணைப்பிடத்தையே மாற்றுங்கள்.

சோதனை வால்வே இல்லாத காரில் எங்கே எடுப்பது?

ஃபில்டரைத் தாண்டிய பிறகு, ரெயிலுக்குள் நுழைவதற்கு முன், வரும் குழாயில் ஒரு டீ (T வடிவ மூன்று வழி இணைப்பி) வைப்பதே சரி. என் மதிப்பீட்டில் வால்வு இருக்கும் கார்களிலும் இதுவே மேலான இடம். குழாயின் முழு விட்டமும் அங்கே கிடைக்கிறது, ரெயிலின் உள்துளைகள் குறுக்கே வருவதில்லை, இன்ஜெக்டர்கள் திறந்து மூடும்போது உண்டாகும் அழுத்தத் துடிப்பும் குறைவாக இருக்கும். ஃபில்டருக்கு முன்னால் எடுத்தால் தொட்டியின் தூசி நேராகச் சோலினாய்டுக்குப் போகும்.

இப்போதைய கார்களில் வரும் குழாய் பெரும்பாலும் நைலான். சொடுக்கிப் பூட்டும் இணைப்பியுடன் இருக்கும். அதை வெட்டி, ரப்பர் ஹோஸைச் செருகி, கிளிப் போட்டு முறுக்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வழவழப்பான நைலான்மீது கிளிப் பிடிப்பு நிற்காது. 3 பார் அழுத்தத்தில், சூடான இன்ஜினுக்கு மேல், அது என்றாவது ஒரு நாள் கழன்று பீய்ச்சும். இரு பக்கமும் அதே அளவுப் பூட்டு இணைப்பியும் நடுவில் திருகுத் துளையும் கொண்ட ஆயத்த டீ கிடைக்கிறது, அதை வாங்குங்கள். ரெயிலுக்கோ ஃபில்டருக்கோ பான்ஜோ போல்ட் (உள்ளே பெட்ரோல் பாயும் துளையுள்ள போல்ட்) வழியாகக் குழாய் வரும் பழைய ஜப்பானிய வகைக் கார்களில், தலையில் திருகுத் துளை உள்ள பான்ஜோ போல்ட்டை மாட்டுவது எளிது. நம் லேத் பட்டறைகளில் அதைக் கடைந்து வாங்கலாம். மரையின் அளவையும் குறுக்குத் துளையின் விட்டத்தையும் பழைய போல்ட்டைக் கையில் கொடுத்தே அளக்கச் சொல்லுங்கள். செம்பு வாஷர்களை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

"திரும்பும் குழாயில் எடுத்தால் ரெயிலைத் தொடவே வேண்டாம்" என்கிறாரே எங்கள் மெக்கானிக் அண்ணன்?

கூடாது. திரும்பும் குழாய் என்பது மிஞ்சிய பெட்ரோலைத் தொட்டிக்குக் கொண்டுபோவது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைத் தாண்டியதும் பெட்ரோல் தொட்டிக்குச் சும்மா வழிந்து ஓடுகிறது. அங்கே அழுத்தம் என்று சொல்லத் தக்க எதுவும் இல்லை. சோலினாய்டு திறந்தால் நைட்ரஸ் மட்டும்தான் வரும்.

திரும்பும் குழாய் உள்ள காருக்கும் இல்லாத காருக்கும் ஜெட் ஒன்றுதானா?

ஒன்றல்ல. திரும்பும் குழாய் உள்ள அமைப்பில் ரெகுலேட்டர் ரெயிலிலேயே இருக்கும். இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டிலிருந்து ஒரு வெற்றிடக் குழாய் அதற்கு வரும். ஐடிலிங்கில் கேஜ் 35 பி.எஸ்.ஐ. போலக் காட்டும், த்ராட்டில் முழுதாகத் திறந்தால் 43.5 ஆகும். நைட்ரஸ் முழு த்ராட்டிலில் மட்டுமே திறக்கப்படுவதால், ஐடிலிங்கில் பார்த்த எண்ணை வைத்து ஜெட் கணக்கிடக் கூடாது. வெற்றிடக் குழாயைக் கழற்றி அதன் முனையை அடைத்துவிட்டுப் பார்த்தால் உண்மையான எண் தெரியும்.

திரும்பும் குழாய் இல்லாத அமைப்பில் ரெகுலேட்டர் தொட்டிக்குள் இருக்கிறது. அழுத்தம் மேனிஃபோல்டைப் பொறுத்து மாறாமல், காரைப் பொறுத்து 3 முதல் 4 பார் வரை நிலையாக இருக்கும். 43.5 பி.எஸ்.ஐ.க்கு என்று எழுதப்பட்ட ஜெட் அட்டவணையை 58 பி.எஸ்.ஐ. உள்ள காரில் அப்படியே பயன்படுத்தினால் பெட்ரோல் 15 சதவீதம் கூடுதலாகப் போகும். இதற்கு ஜெட்டின் விட்டத்தை ஏறத்தாழ 7 சதவீதம் குறைக்க வேண்டும். சரியான அழுத்தம் அந்தந்தக் காரின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

நேரடி இன்ஜெக்ஷன் கார்களில் என்ன செய்வது?

ஃபோக்ஸ்வாகன் 1.0 டி.எஸ்.ஐ., ஹூண்டாய் 1.0 டர்போ ஜி.டி.ஐ., மாருதியின் பூஸ்டர்ஜெட் போன்றவற்றில் இரண்டு பம்புகள் உண்டு. தொட்டியில் உள்ள பம்பு சில பார் அழுத்தத்தில் பெட்ரோலை முன்னால் அனுப்புகிறது. இன்ஜினில் உள்ள இயந்திரப் பம்பு அதை 100 பாருக்கும் மேலே ஏற்றி ரெயிலுக்குக் கொடுக்கிறது. அந்த உயரழுத்தப் பகுதியில் ஒரு நட்டைக்கூடத் தளர்த்தாதீர்கள். அங்கிருந்து மெல்லிய தாரையாகப் பீய்ச்சும் பெட்ரோல் தோலைத் துளைத்து உடலுக்குள் போகக் கூடியது. அப்படி நேர்ந்தால் காயம் எவ்வளவு சிறியதாகத் தெரிந்தாலும் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். நைட்ரஸ் சோலினாய்டுகளும் இந்த அழுத்தத்துக்கு உருவாக்கப்பட்டவை அல்ல.

இணைப்பை எடுக்கத்தக்க ஒரே இடம், தொட்டிப் பம்புக்கும் உயரழுத்தப் பம்புக்கும் இடையில் உள்ள குறைந்த அழுத்தக் குழாய். இங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. இத்தகைய கார்கள் பலவற்றில் தொட்டிப் பம்பின் வேகத்தைக் கணினி தேவைக்கேற்ப மாற்றுகிறது. எனவே அந்த அழுத்தம் நிலையானதல்ல. முழுச் சுமையில் ஓட்டி, கேஜில் பதிவு செய்து பார்க்காமல் ஜெட் போடக் கூடாது.

கார்புரேட்டர் வண்டிக்கும் பைக்குக்கும்?

கார்புரேட்டர் காரின் இயந்திரப் பம்பு சில பி.எஸ்.ஐ. மட்டுமே தரும். அங்கே ஒரு பி.எஸ்.ஐ. குறைவது பெரிய விஷயம்: 5.5 என்பது 4.5 ஆனால் பெட்ரோல் கிட்டத்தட்ட 10 சதவீதம் குறைகிறது. பம்புக்கும் கார்புரேட்டருக்கும் இடையில் டீ வைக்கலாம் என்றாலும், சோலினாய்டு இழுக்கும்போது கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் மிதவைக் கிண்ணம் வற்றாமல் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சோலினாய்டும் குறைந்த அழுத்தத்துக்கான பெரிய துளை கொண்டதாக இருக்க வேண்டும்.

பழைய டூ ஸ்ட்ரோக் பைக்குகளில் பெட்ரோல் தொட்டியிலிருந்து தானாக இறங்குகிறது. தொட்டிக்கும் சோலினாய்டுக்கும் 30 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 0.3 பி.எஸ்.ஐ. தொட்டி காலியாகக் காலியாக அதுவும் குறையும். பெட்ரோல் காக்கிலிருந்து ஒரு கிளை எடுத்து நைட்ரஸுக்குக் கொடுப்பது எந்த அளவிலும் சரிவராது. சிறு மின்பம்பும் ரெகுலேட்டரும் வைத்துத்தான் ஆக வேண்டும்.

தனிப் பம்பும் தனித் தொட்டியும் எப்போது அவசியம்?

காரின் சொந்தப் பம்பால் இரண்டு சுமையையும் தாங்க முடியவில்லை என்று கேஜ் காட்டும்போது அவசியமாகிறது. பம்பை மட்டும் பெரிதாக மாற்றுவது இடைப்பட்ட வழி. அப்போது ரெகுலேட்டரும் திரும்பும் குழாயும் அந்தக் கூடுதல் ஓட்டத்தைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். தனித் தொட்டியின் பெரிய நன்மை, இன்ஜினின் வழக்கமான பெட்ரோல் வழியைத் தொடவே வேண்டியதில்லை என்பது. கிளையில் என்ன நடந்தாலும் இன்ஜெக்டர்கள் பாதிக்கப்படுவதில்லை. குறை, தனிப் பம்பு நின்றுவிட்டால் ஓட்டுநருக்கு எந்த அறிகுறியும் தெரியாது என்பது. ஆகவே அழுத்தம் குறைந்தால் நைட்ரஸை நிறுத்தும் அழுத்தச் சுவிட்சு இல்லாமல் தனித் தொட்டி வைக்கவே கூடாது.

மண்ணடியில் கிடைக்கும் பிட்டிங்குகளும் ஹோஸும் போதுமா?

மண்ணடி, பிராட்வே பக்கத்துக் கடைகளில் தரமான பித்தளை, ஸ்டீல் பிட்டிங்குகள் கிடைக்கின்றன. கேட்டு வாங்கினால் குறை இல்லை. ஆனால் தண்ணீர்க் குழாய்க்கும் காற்றுக் குழாய்க்கும் விற்கப்படும் ஹோஸ்களைப் பெட்ரோலுக்குப் பயன்படுத்தக் கூடாது. இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கு ஜே30 ஆர்9 என்று மேலே அச்சிட்ட ஹோஸோ, உள்ளே டெஃப்லான் பூசிய பின்னல் ஹோஸோ வேண்டும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை அறவே ஒதுக்குங்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், எத்தனாலைத் தாங்கும் ரப்பரா என்பதையும், சோலினாய்டின் உள் சீலும் அப்படிப்பட்டதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் காற்று சற்றுக் குறைவாகவே போதும். ஆகவே கலப்பற்ற பெட்ரோலுக்காகக் கணக்கிட்ட ஜெட்டைவிடச் சற்றுப் பெரியது தேவைப்படும்.

மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். பிட்டிங்கை முறுக்கும்போது டேப்பின் ஓரம் நூலாகப் பிரிந்து உள்ளே போகும். அது சோலினாய்டின் இருக்கையில் சிக்கினால், மூடியும் மூடாமலும் பெட்ரோல் கசிந்துகொண்டே இருக்கும். ஜெட்டில் சிக்கினால் பெட்ரோல் பாதியாகும். கூம்பு மரைக்குப் பசை வடிவ சீலண்டைப் போடுங்கள், அதையும் முதல் இரண்டு மரைகளை விட்டுவிட்டு. விரிந்த வாய் கொண்ட பிளேர் பிட்டிங்குக்கு எதுவுமே தேவையில்லை. அதன் உலோக முகங்களே அடைத்துக்கொள்ளும். காசிமேடு முதல் எண்ணூர் வரை கடற்காற்று படும் இடங்களில் நிறுத்தும் வண்டிகளில், ஸ்டீலும் அலுமினியமும் சேரும் பிட்டிங்குகளில் வெள்ளைப் பூப்பு வருகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும்.

கேஜையும் அழுத்தச் சுவிட்சையும் எங்கே வைப்பது?

கிளையில், சோலினாய்டுக்கு மிக அருகில், அதன் நுழைவுப் பக்கத்தில். ரெயிலில் வைத்த கேஜ் ரெயிலின் கதையைத்தான் சொல்லும். கிளையில் உள்ள அடைப்பு அதற்குத் தெரியாது. ஓட்டத்தின் நடுவே சோலினாய்டு திறந்திருக்கும்போது காட்டும் அழுத்தத்தைவிட 4, 5 பி.எஸ்.ஐ. கீழே சுவிட்சை அமைத்து, அழுத்தம் அதற்குக் கீழே போனால் நைட்ரஸ் ரிலேயின் மின்சாரம் துண்டிக்கப்படும்படி கம்பி இணையுங்கள்.

பொருத்திய பிறகு எப்படிச் சோதிப்பது?

குழாயைத் திறக்குமுன் பம்பின் ஃபியூஸைக் கழற்றி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மூடிய ஷெட்டில் இந்த வேலை வேண்டாம். எல்லாம் மாட்டியபின் சாவியை மட்டும் போட்டுப் பம்பை ஓடவிட்டு, உலர்ந்த காகிதத்தால் ஒவ்வொரு மூட்டையும் தொட்டுப் பாருங்கள். இன்ஜின் சூடேறிய பிறகு மறுபடியும் பாருங்கள்.

அடுத்து, நைட்ரஸ் பாட்டிலை மூடி, லைனையும் காலி செய்துவிட்டு, இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது பெட்ரோல் சோலினாய்டை மட்டும் ஒரு கணம் திறங்கள். இன்ஜின் திணறி, நிற்கப் போவதுபோல் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பெட்ரோல் வரவில்லை. கிளையில் தங்கியிருந்த காற்றும் இதனால் வெளியேறிவிடும். இன்ஜின் நின்றிருக்கும்போது ஒருபோதும் இதைச் செய்யாதீர்கள்: மேனிஃபோல்டில் பெட்ரோல் தேங்கி, ஸ்டார்ட் செய்யும்போது பேக்ஃபயர் ஆகலாம், சிலிண்டருக்குள் இறங்கிக் கனெக்டிங் ராடை வளைத்தும்விடலாம்.

சென்னை வெயிலுக்குத் தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

இரண்டு இடங்களில் கவனிக்க வேண்டும். முதலாவது, கிளைக் குழாய். சோலினாய்டு திறக்கும்வரை அதில் பெட்ரோல் அசையாமல் நிற்கிறது. ஓடுதளத்தில் ஒரு ஓட்டத்தை முடித்து வந்து இன்ஜினை அணைத்து வைத்தால், அழுத்தம் இறங்கிய பெட்ரோல் எக்ஸாஸ்ட் சூட்டில் ஆவியாகிக் கிளையில் குமிழாகத் தங்கும். அடுத்த ஓட்டத்தில் முதலில் வருவது அந்த ஆவிதான். கிளையைக் குட்டையாக வைப்பதும், எக்ஸாஸ்டுக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோவதும், வெப்ப உறை போடுவதும் இதற்கான வழிகள். இணைப்பிடத்தை எக்ஸாஸ்டுக்கு எதிர்ப்பக்கத்தில் தேர்ந்தெடுத்துவிட்டால் இதில் பாதி வேலை குறையும்.

இரண்டாவது, பாட்டில். நைட்ரஸின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறுவது. 21 டிகிரியில் சுமார் 760 பி.எஸ்.ஐ. இருப்பது, 36.4 டிகிரியில் 1,050ஐத் தொடும். பெட்ரோலின் அழுத்தமோ ரெகுலேட்டர் வைத்த இடத்திலேயே நிற்கும். பாட்டிலின் அழுத்தம் 900 முதல் 950 பி.எஸ்.ஐ. வரை என்று கணக்கிட்டுப் போட்ட பெட்ரோல் ஜெட், மே மாத மதியத்தில் டிக்கியில் வெந்த பாட்டிலுக்குப் போதாது. பாட்டிலுக்கும் ஒரு கேஜ் வைத்து, ஈரச் சாக்கைப் போர்த்தி 950க்குக் கீழே இறக்கிய பிறகே ஓட்டத்துக்குப் போங்கள்; ஓடுதளத்துக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் பாட்டிலின் வால்வு மூடியே இருக்கட்டும்.